செல்போனுக்குள் மைதானம்! ஊருக்குள் எங்கே?

சாயங்காலம் ஆறு மணி. அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டு, பஜார், தறி ஓடும் தெருக்கள் எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு தெரு முனைக்குப் போய்ப் பாருங்கள். வாறுகால் பாலத் திண்டில் நாலு பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நாலு தலையும் குனிந்திருக்கும். நாலு கையிலும் செல்போன்!

"மாப்ள, பின்னாடி எனிமிடா! கவர் குடு!"

"ஏலே, நான் நாக் ஆயிட்டேன்லே... ஓடி வந்து ரிவைவ் பண்ணு!"

சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற கடைக்கார அண்ணாச்சி ஒரு பார்வை பார்ப்பார். "இதுக உருப்படுமா?" என்று முணுமுணுத்தபடி போய்விடுவார்.

அண்ணாச்சி திட்டுவதில் தப்பு இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. "போனை வெச்சுட்டு வெளியே போய் விளையாடுங்கடா" என்று சொன்னால் அந்த நாலு பேரும் எங்கே போவார்கள்? எந்த இடத்தைக் கை காட்டுவது?

இதற்குப் பதில் சொல்ல வேண்டியது செல்போன் கம்பெனி அல்ல. நிலத்தை அளந்து, ரோடு போட்டு, மனை பிரிக்க அனுமதி கொடுக்கிறவர்கள் சொல்ல வேண்டும். அந்த மனையை வாங்கி வீடு கட்டுகிற நாமும் சொல்ல வேண்டும்.

அது என்ன சண்டை?

பப்ஜி, பிரீ பயர் என்று பையன்கள் சொல்வது பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. பப்ஜியில் ஒரு ஆட்டத்துக்கு நூறு பேர் வரை சேரலாம். விமானத்தில் இருந்து பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, தோட்டா, மருந்துப் பெட்டி என்று கிடைத்ததை எல்லாம் பொறுக்குகிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் சுட வேண்டும். கடைசி வரை நிற்கிறவன் ஜெயித்தான்.

நாலு பேர் ஒரு அணியாகவும் ஆடலாம். திருச்சுழியில் இருக்கிற பையனும், திருப்பூருக்கு வேலைக்குப் போன அவன் கூட்டாளியும் ஒரே அணியில் பேசிக்கொண்டே ஓடலாம்.

அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 'எராங்கல்' என்று பெயர். நீளம் 8 கிலோமீட்டர், அகலம் 8 கிலோமீட்டர். நம்ம கணக்கில் 15 ஆயிரம் ஏக்கருக்கு மேல்! அதில் பள்ளிக்கூடம் உண்டு. ஆஸ்பத்திரி உண்டு. ஜெயில், ராணுவ முகாம், பாலம், வயல்வெளி எல்லாம் உண்டு. அங்கே 'போச்சிங்கி' என்று ஒரு ஊர். அதில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று எட்டாம் வகுப்புப் பையன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். 'மிராமர்' என்று பாலைவன மேப் ஒன்றும் இருக்கிறது. அதுவும் அதே அளவுதான். வானம் பார்த்த பூமியில் பிறந்த பையன் செல்போனுக்குள்ளேயும் பொட்டல் காட்டில் ஓடுகிறான்!

ஓட எவ்வளவு வெளி வேண்டும், ஒளிய எத்தனை சுவர் வேண்டும், நாலு பேர் கூடுவதற்கு எங்கே இடம் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வரைந்த ஊர் அது. பிள்ளைகள் அங்கே போவதற்குத் துப்பாக்கி ஒன்றே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே இடம் இருக்கிறது. கூட்டாளி இருக்கிறான். "இங்க வந்து ஏன்டா ஆடுறீங்க?" என்று விரட்ட ஆள் இல்லை!

எப்படி உள்ளே வந்தது?

2016-ம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. இன்டர்நெட் விலை தரைக்கு இறங்கியது. 2018-ம் ஆண்டு மார்ச்சில் பப்ஜி செல்போனுக்கு வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியது.

ஆன்லைன் வகுப்பு என்றார்கள். தறிக்கார வீட்டிலும், கரி மூட்டம் போடுகிற வீட்டிலும் கடனோ உடனோ வாங்கி ஒரு போன் எடுத்துக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல்! பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. போன் கையிலேயே தங்கிவிட்டது.

இதனால் கெடுதல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து காலையில் வகுப்பில் தூங்குகிற பிள்ளைகள் உண்டு. துப்பாக்கிக்குக் கலர் சட்டை மாட்ட அப்பா அக்கவுண்டில் கை வைக்கிற பிள்ளைகளும் உண்டு. விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2022 ஜனவரியில் இருந்து அந்தப் பட்டியல் அமலில் இருக்கிறது. பெற்றோர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

தடை மேல் தடை!

அதனால்தான் "தடை போடுங்க" என்கிறார்கள். தடை போட்டுப் பார்க்காமல் இல்லை!

2019 மார்ச்சில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் போலீசார் பப்ஜிக்குத் தடை போட்டார்கள். ஆடியவர்கள் பத்துப் பேரைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள்.

2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. சீனாவோடு எல்லையில் தகராறு நடந்த நேரம் அது. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டினார்கள். பிள்ளைகளின் படிப்போ தூக்கமோ அதற்குக் காரணம் அல்ல.

2021 ஜூலை 2-ந் தேதி அதே விளையாட்டு 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று வேறு பெயரில் வந்து நின்றது. 2022 பிப்ரவரி 14-ந் தேதி பிரீ பயருக்குத் தடை. பையன்கள் 'பிரீ பயர் மேக்ஸ்' என்ற அதன் அண்ணனுக்கு மாறிக்கொண்டார்கள். 2022 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்சும் முடக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பி வந்துவிட்டது!

வெளிநாட்டில் என்ன நடந்தது? தென்கொரியாவில் 2011-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை ஆன்லைனில் ஆடக் கூடாது என்றார்கள். பத்து வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு 2022 தொடக்கத்தில் கைவிட்டார்கள். சீனாவில் 2021-ல் இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் ராத்திரி 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம். அத்தனை கட்டுப்பாடு அங்கே முடியும். இங்கே முடியுமா?

ரம்மி சட்டத்தை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 2022-ல் கொண்டுவந்து 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் பெற்ற சட்டமும், 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும் குறி வைப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. பணம் வைத்து ஆடாத துப்பாக்கி ஆட்டத்தை அந்தச் சட்டங்கள் தொடவில்லை. மத்திய சட்டம் மின்-விளையாட்டுக்கு ஊக்கம் கொடுக்கவும் சொல்கிறது.

ஆக, இன்னொரு தடை வந்தாலும் இன்னொரு பெயரில் ஆட்டம் வரும். பையன் வேறு எங்கே போவான் என்று எந்தத் தடை உத்தரவிலும் எழுதியிருக்காது.

முன்பு என்ன இருந்தது?

நெசவாளர் ஊர்களில் பாவு நீட்டுவதற்கென்று நீளத் தெருவும், பாவடி என்று பொது இடமும் விடுவது வழக்கம். தொழிலுக்காக விட்ட இடம்தான். வேலை முடிந்தால் அது பிள்ளைகளுக்கு. கோலிக்குண்டு, பம்பரம், கிட்டிப்புள், சடுகுடு எல்லாம் அங்கேதான். வீட்டு வாசலில் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள். கிராமத்தில் அறுவடை முடிந்த களத்துமேடு இருந்தது. கோடையில் கண்மாய் வற்றினால் வெடித்துக் கிடக்கும் கண்மாய்க்குள்தான் கிரிக்கெட். திருச்சுழிப் பக்கம் குண்டாற்று மணல்.

இன்றைக்கு? தெருவுக்குள் மோட்டார் சைக்கிள் வரிசை கட்டி நிற்கிறது. வாசலை நீட்டிப் படிக்கட்டு போட்டாயிற்று. கைத்தறி குறைந்து விசைத்தறி வந்தபிறகு பாவுக்கு நீளத் தெரு தேவைப்படவில்லை. களத்துமேட்டு வேலையை அறுவடை மெஷின் எடுத்துக்கொண்டது. கண்மாய்க்குள்ளும் ஆற்றுக்குள்ளும் சீமைக்கருவேலம்! விறகுக்கும் வேலிக்கும் என்று பரப்பிய மரம், கடைசியில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை வரை வழக்காகப் போய் நின்றது. அந்த முள் சைக்கிள் டயரையே விடாது. வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையை விடுமா?

மிச்சம் இருப்பது பள்ளிக்கூட மைதானம். பள்ளிக்கூடம் என்றால் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் கேட்டுக்குப் பூட்டு. விளையாட நேரம் கிடைக்கும்போது மைதானம் உள்ளே, பிள்ளைகள் வெளியே!

பத்து சதவீதம் என்ன ஆச்சு?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அருப்புக்கோட்டை நகராட்சியில் 87 ஆயிரத்துக்கும் மேல் ஜனம். இத்தனை பேர் வாழ்கிற ஊர் வளரும்போது வெளியிடம் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை.

1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ்தான் மனைப்பிரிவு அனுமதி நடக்கிறது. 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மிச்சத்தில் பத்து சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3 ஆயிரம் முதல் 10 ஆயிரம் சதுர மீட்டர் வரை இருந்தால் இடம் விடலாம், முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 3 ஆயிரத்துக்குக் கீழே என்றால் எதுவும் இல்லை.

ஓட்டை எங்கே என்று இப்போது புரிகிறதா? பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கி விற்றால் இடம் விட வேண்டாம். அனுமதியே வாங்காமல் கல் ஊன்றி விற்றால் கேள்வியே இல்லை. இப்படித் தமிழ்நாடு முழுக்க விளைநிலம் எல்லாம் மனையாகப் போய்க்கொண்டிருந்தபோது, 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு அனுமதியில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் பழைய மனை சட்டப்படி சரியாகிவிடும்.

மனை வாங்கியவர் தப்பித்தார். நல்லதுதான். பாடுபட்டுச் சேர்த்த பணம். ஆனால் விடாமல் போன விளையாட்டு இடம் கட்டணத்தால் திரும்பி வருமா? ரசீதில் கபடி ஆட முடியுமா?

சட்டப்படி விட்ட இடத்துக்கும் ஆபத்து உண்டு. முதலில் 'பூங்கா' என்று போர்டு இருக்கும். பிறகு முள் முளைக்கும். பிறகு குப்பை. அதன் பிறகு யாராவது ஒருத்தர் கொட்டகை போடுவார். பெங்களூரில் பூங்காவுக்கு விட்ட இடத்தை ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி ஜனங்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு ஜனங்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. பத்து சதவீதம் விடச் சொல்வது செல்லாது என்று தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கிலும், அந்த விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

நாலு சென்ட் போதும்!

"மைதானத்துக்கு எங்கப்பா இடம்? நிலம் விக்கிற விலை தெரியுமா?" என்று கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம்.

வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். மொத்தம் 162 சதுர மீட்டர். அதாவது நாலு சென்ட்! கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர். மூணேகால் சென்டுக்குள் முடிந்துவிடும். சுற்றிலும் ஓட, நின்று பார்க்க இடம் சேர்த்தாலும் பத்து சென்ட் போதும்.

பத்து ஏக்கர் மனைப்பிரிவில் ரோட்டுக்கு மூணு ஏக்கர் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஏழு ஏக்கர். அதில் பத்து சதவீதம் என்றால் 70 சென்ட். அதில் கபடி, வாலிபால், பெரியவர்கள் உட்காரத் திண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணல் மேடு எல்லாம் போட்டும் இடம் மிஞ்சும்.

நெதர்லாந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் என்ற நகரம். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுக் கிடந்த ஊர். அங்கே ஆல்டோ வான் ஐக் என்ற கட்டிடக் கலைஞர் 1947-ல் இருந்து 1978 வரை 700-க்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை அமைத்தார். பெரிய ஸ்டேடியம் எதுவும் கட்டவில்லை. காலி மனை, தெரு மூலை, இரண்டு கட்டிடத்துக்கு நடுவில் உள்ள சந்து. கிடைத்த இடத்தில் மணல் தொட்டியும், ஏறி இறங்கக் கம்பியும், தாண்டக் கல்லும் வைத்தார். பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

வெயிலையும் பார்க்கணும்

நம்ம ஊருக்கு இன்னொரு சங்கதி உண்டு. இது கந்தக பூமி. சித்திரை வெயிலில் பகல் முழுக்கத் தரை கொதிக்கும். பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும்போது இருட்டிவிடும். ஆகவே மரம் இல்லாத மைதானமும், லைட் இல்லாத மைதானமும் செல்போனிடம் தோற்றுப்போகும். வேம்பும் புங்கையும் இந்த மண்ணில் நன்றாக வரும். நாலு மரம், இரண்டு லைட், ஒரு குடிதண்ணீர்க் குழாய். இதையும் சேர்த்துத்தான் மைதானம் என்று சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. பையனுக்குப் பாலத் திண்டாவது உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை. ஊருக்கு வெளியே, முள்ளுக்காட்டுக்கு நடுவில் மைதானம் போட்டால் எந்தத் தாய் அவளை அனுப்புவாள்? வீடுகளுக்கு நடுவில், நாலு பேர் கண் படுகிற இடத்தில் இருந்தால்தான் அவளும் வருவாள்.

"மைதானம் குடுத்தா மட்டும் போனை வெச்சிருவாங்களா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. எல்லோரும் வைக்க மாட்டார்கள். சிலர் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் கூட்டாளி வேண்டும் என்பதற்காக மட்டும் போனைத் தூக்குகிறவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு வேறு வாசல் திறக்கும். அப்பா, அம்மா "வெளியே போடா ராசா" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தமும் இருக்கும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: அருப்புக்கோட்டை நகராட்சி எல்லைக்குள் பத்து சதவீதமாக ஒப்படைக்கப்பட்ட இடங்களை வார்டு வாரியாகப் பட்டியல் போட்டு, ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும். சர்வே நம்பர், எத்தனை சென்ட், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று மூன்று விவரம் போதும். கொடுக்காவிட்டால் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் மனுப் போட்டுக் கேட்கலாம்.

இரண்டு: திருச்சுழி, நரிக்குடி ஒன்றிய கிராமங்களில் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். கண்மாயைத் தூர்த்து மைதானம் ஆக்கச் சொல்லவில்லை. கண்மாய் தண்ணீருக்கு. ஊர்ப் பொது இடத்தில் உள்ள கருவேலத்தை வேரோடு எடுத்தாலே களம் வந்துவிடும்.

மூன்று: அரசுப் பள்ளிக்கூட மைதானங்களைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். காவலுக்கு ஒரு ஆள் போட்டால் முடிகிற காரியம்.

நான்கு: ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு ரோட்டில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். குர்கானில் 2013-லும், சென்னை பெசன்ட் நகர் கடற்கரை ரோட்டில் 2014-லும் செய்தார்கள். செலவு, இரண்டு தடுப்புக் கட்டை!

ஐந்து: பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. பேட்டில்கிரவுண்ட்சில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு உண்டு. வயதைக் கூட்டிப் போட்டு அப்பா நம்பரில் நுழைந்துவிட்டால் அந்த வரம்பு வேலை செய்யாது. போனுக்கு வருகிற ஓ.டி.பி. எதற்கு என்று ஒரு தடவை கேளுங்கள்.

புதிதாக மனை வாங்கப் போகிறவர்களும் ஒன்று செய்யலாம். தண்ணீர் உண்டா, பஸ் உண்டா என்று கேட்கிறோம். "பிள்ளைக விளையாட விட்ட இடம் எது? வரைபடத்துல காட்டுங்க" என்று புரோக்கரிடம் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அட்வான்சை யோசித்துக் கொடுங்கள்.

2022-ல் இருந்து நகராட்சிகளில் ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து, "எங்க வார்டு பத்து சதவீத இடம் எங்கே சார்?" என்று கேட்கட்டும். பதில் வரும் வரை உட்கார வேண்டாம்!